நீண்ட ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பது எப்படி? அசையும் உறுப்பும்

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள சொற்களுள் மிக நீளமானது என்று வழக்கமாகக் காட்டப்படுவது, 45 எழுத்துகள் கொண்ட 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்' என்னும் நோய்ப்பெயர். முதன்முறையாக இதை எதிர்கொள்பவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்தில் உள்ள நாலைந்து எழுத்துகளைப் பார்த்துவிட்டு மீதியைக் கண்ணாலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள்; பொறுமையுள்ளவர்கள் எழுத்துக்கூட்டத் தொடங்கிப் பாதியில் தடம் மாறுகிறார்கள். உண்மையில் இது நீளமான சொல்லே தவிரக் கடினமான சொல் அன்று. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்கு, எட்டுச் சிறிய துண்டுகளை அடுத்தடுத்துப் படிப்பதற்கு மேல் இதில் வேலை இல்லை.

எங்கே வெட்டுவது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஏனென்றால் ஒரு சொல்லை இரண்டு வகையாக வெட்டலாம். வாய் உச்சரிக்கும் துண்டுகளாக வெட்டுவது ஒரு வகை. அதை அசை பிரித்தல் எனலாம். பொருள் தரும் துண்டுகளாக வெட்டுவது மற்றொரு வகை. அதை உறுப்புப் பிரித்தல் எனலாம். இரண்டும் ஒரே இடத்தில்தான் விழும் என்று எண்ணிக்கொள்வது, தொடக்க நிலையில் இருப்பவர்களின் தடுமாற்றங்களுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். முதலில் பொருளை வைத்து வெட்டி, அதன் பிறகு அந்தத் துண்டுகளை ஒலியை வைத்து வெட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. கைதட்டி அசைகளை எண்ணுவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடும் பயிற்சி குறுஞ்சொற்களுக்குப் போதும், நெடுஞ்சொற்களுக்குப் போதாது.

அசை என்றால் என்ன?

ஒரே ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு அசை. அந்த உயிரொலிக்கு முன்னும் பின்னும் மெய்யொலிகள் வரலாம், வராமலும் இருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, எண்ண வேண்டியவை உயிரொலிகளே அன்றி உயிரெழுத்துகள் அல்ல என்பது. வலிமைகள் என்று பொருள்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத 9 எழுத்துகள் வேண்டும். ஆனால் அதில் ஒலிக்கும் உயிர் ஒன்றே என்பதால் அது ஓரசைச் சொல். பரப்பைக் குறிக்கும் 'ஏரியா'வுக்கு நான்கே எழுத்துகள், அசைகளோ மூன்று. 'லேட்' என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் 'இ' எழுத்தளவில் உயிராக இருந்தும் ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிரை நெடிலாக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே அதை எண்ணக் கூடாது.

யாப்பிலக்கணம் படித்தவர்கள் இங்கே சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். செய்யுளில் நாம் சொல்லும் நேரசையும் நிரையசையும் ஆங்கில அசைக்கு அப்படியே சமமாகா. 'மலர்' என்பது யாப்பில் ஒரே நிரையசை; ஆங்கிலக் கணக்கிலோ 'ம', 'லர்' என இரண்டு அசை. நேரசை எப்போதும் ஓர் உயிரைக் கொண்டது, நிரையசை இரண்டு உயிர்களைக் கொண்டது என்று நினைவில் வைத்துக்கொண்டால், நேரசை மட்டுமே ஆங்கில அசையோடு ஒத்துப்போவது விளங்கும்.

அசைகளை எண்ணுவதற்கு எளிய வழி, மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்வது. ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒருமுறை கீழே இறங்கும்; இறங்கிய தடவைகளே அசைகளின் எண்ணிக்கை. கோட்பாட்டுச் சொற்களின் இறுதியில் வரும் 'இசம்' போன்ற சில இடங்களில் மட்டும் இந்த வழி நம்மை ஏமாற்றும். அதன் கடைசி 'எம்' என்ற எழுத்துக்கு முன்னால் உயிரெழுத்தே எழுதப்படுவதில்லை. ஆனாலும் ஒலியில் ஒரு மெல்லிய உயிர் தோன்றி 'இ', 'சம்' என இரண்டு அசைகளாகிவிடுகிறது. அந்த இரண்டாம் அசையில் தாடை அசைவது தெரியவே தெரியாது.

எத்தனை அசை என்பது தெரிந்த பின், எந்த மெய் எந்த அசையைச் சேர்ந்தது என்ற கேள்வி எழும். இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய்கள் வந்தால் பெரும்பாலும் அவற்றுக்கு இடையே வெட்ட வேண்டும்: 'நாப்-கின்', 'பாஸ்-கெட்'. ஓர் ஒலியைக் குறிக்க இரண்டு எழுத்துகள் சேர்ந்து நிற்கும் இடத்தில், 'ஃபாதர்' என்ற சொல்லில் 'டி'யும் 'எச்'சும் நிற்பது போல, அவற்றைப் பிரிக்கக் கூடாது. நடுவே ஒரே மெய் வந்தால்தான் சற்று யோசிக்க வேண்டும். முதல் உயிர் நெடிலாக ஒலித்தால் மெய்க்கு முன்னால் வெட்டுகிறோம். அழுத்தம் பெற்ற, அதாவது மற்ற அசைகளைவிட ஓங்கிச் சொல்லப்படும், குறிலாக ஒலித்தால் மெய்க்குப் பின்னால் வெட்டுகிறோம். 'ரோபாட்' என்ற சொல் 'ரோ-பாட்' என்று பிரிவதும், 'ராபின்' என்ற பறவைப் பெயர் 'ராப்-இன்' என்று பிரிவதும் இதனால்தான். எழுத்தளவில் இரண்டின் தொடக்கமும் ஒன்றே; உயிரின் அளவுதான் வேறு. குறில், நெடில் என்ற வேறுபாட்டைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட தமிழருக்கு இந்த விதி பிடிபடத் தாமதமாகாது.

உறுப்பு என்றால் என்ன?

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. 'பாடினான்' என்ற சொல்லைப் பாடு, இன், ஆன் என்று பகுதி, இடைநிலை, விகுதியாகப் பிரிக்கிறோம். பாடு என்பது செயலையும், இன் என்பது இறந்த காலத்தையும், ஆன் என்பது ஆண்பால் ஒருமையையும் காட்டுகின்றன. இதற்கு மேல் உடைத்தால் பொருள் சிதைந்துவிடும் என்ற எல்லையில் நிற்பதே உறுப்பு.

அதே 'பாடினான்' என்ற சொல்லை அசையாக வெட்டினால் 'பா-டி-னான்' என்று வருகிறது. பாடு என்ற பகுதியின் மெய் இரண்டாம் அசைக்குப் போய்விட்டது. இன் என்ற இடைநிலையின் உயிர் ஓர் அசையிலும் மெய் அடுத்த அசையிலுமாகப் பிளந்து கிடக்கிறது. ஆங்கிலத்திலும் நடப்பது இதுவே. 'டீச்சர்' என்ற சொல்லுக்கு உறுப்புகள் 'டீச்', 'அர்' என்ற இரண்டு. கற்பி என்பது ஒன்று, அதைச் செய்பவர் என்பது மற்றொன்று. ஆனால் வாய் அதை 'டீ', 'ச்சர்' என்றே உச்சரிக்கிறது. 'கேட்ஸ்' என்ற பன்மைச் சொல்லில் உறுப்புகள் இரண்டு, அசை ஒன்றே. 'குரோக்கடைல்' என்ற சொல்லில் அசைகள் மூன்று, இன்றைய ஆங்கிலத்தில் அதன் உறுப்பு ஒன்றே. அசைகளின் எண்ணிக்கையை வைத்து உறுப்புகளின் எண்ணிக்கையை ஊகிக்கவே முடியாது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இவ்விடத்தில் உள்ள பெரிய வேறுபாடு, ஒட்டுகள் சேரும் பக்கம். தமிழில் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் பகுதிக்குப் பின்னால் அடுக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் முன்னொட்டுகளும் ஏராளம். எதிர்மறை, எதிர்ப்பு, மீண்டும், முன், அப்பால் போன்ற பொருள்களைத் தரும் துண்டுகள் பகுதிக்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே நீண்ட ஆங்கிலச் சொல்லில் பகுதியைத் தேடும்போது கண் சொல்லின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். முன்னொட்டுகள் சில சமயம் வேடம் மாறியும் வரும். இல்லை என்று பொருள் தரும் 'இன்' என்ற முன்னொட்டு, 'பாசிபிள்' முன் 'இம்' ஆகவும், 'லீகல்' முன் 'இல்' ஆகவும், 'ரெகுலர்' முன் 'இர்' ஆகவும் திரிகிறது. 'மரம்' என்பது 'கள்' சேரும்போது 'மரங்கள்' ஆவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கும்: வரவிருக்கும் மெய்க்கு ஏற்ப வாய் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

நாற்பத்தைந்து எழுத்துகளை உடைத்தல்

இனி முதலில் சொன்ன நோய்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். இது மருத்துவர்கள் உருவாக்கிய சொல் அன்று. அமெரிக்காவின் தேசியப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர் 1935ஆம் ஆண்டில், மிக நீளமான சொல்லாக இருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இதைக் கட்டினார். பின்னர் அகராதிகளும் இதற்கு இடம் கொடுத்தன. விளையாட்டாகக் கட்டப்பட்ட சொல்தான் என்றாலும், பிரித்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது அரிது. இதன் மூட்டுகள் எல்லாம் மருத்துவச் சொல்லாக்க முறைப்படியே அமைந்திருக்கின்றன.

உறுப்புகளை இடமிருந்து வலமாகப் பார்ப்போம். முதல் துண்டு 'நியூமோனோ', 8 எழுத்துகள். கிரேக்கத்தில் நுரையீரலைக் குறிப்பது. இதன் முதல் எழுத்தாகிய 'பி' எழுதப்படும், ஒலிக்காது. நிமோனியா என்று நாம் அறிந்த நோயின் பெயரிலும் அதே மௌன எழுத்துதான் முன்னால் நிற்கிறது. அடுத்து 'அல்ட்ரா', 5 எழுத்துகள். இலத்தீனில் அப்பால் என்று பொருள். அடுத்து 'மைக்ரோ', 5 எழுத்துகள், கிரேக்கத்தில் சிறியது. அதை ஒட்டி 'ஸ்காபிக்', 6 எழுத்துகள். பார்த்தல் என்ற பொருளுடைய கிரேக்க வேரோடு பெயரடை விகுதியாகிய 'இக்' சேர்ந்தது. பிறகு 'சிலிகோ', 6 எழுத்துகள்; மணலிலும் பாறையிலும் உள்ள சிலிக்காவைக் குறிப்பது. பிறகு 'வால்கேனோ', 7 எழுத்துகள், எரிமலை. அதன்பின் 'கோனி', 4 எழுத்துகள். தூசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கடைசியில் 'ஓசிஸ்', 4 எழுத்துகள். நோய்நிலையைக் காட்டும் விகுதி. எட்டையும் கூட்டினால் 45 வருகிறது. ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. உறுப்பைச் சரியாகப் பிரித்தோமா என்பதற்கு இந்தக் கூட்டல்தான் முதல் சோதனை. எழுத்து மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ ஒரு மூட்டைத் தவறவிட்டிருக்கிறோம்.

பொருள் காண்பதற்குக் கடைசித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆங்கிலத்தின் இவ்வகைக் கூட்டுச்சொற்களில், தமிழில் உள்ளதைப் போலவே, தலைமையான பொருள் இறுதியில் நிற்கிறது. முன்னால் வருபவை எல்லாம் அதற்கு அடைகள். 'ஓசிஸ்' என்பதால் இது ஒரு நோய். எதனால் வந்தது? 'கோனி', தூசியால். என்ன தூசி? எரிமலைத் தூசி, சிலிக்கா கலந்தது. எவ்வளவு பெரிது? நுண்ணோக்கியில் காண்பதற்கும் அப்பாற்பட்ட நுண்மை உடையது. உடலில் எங்கே வந்தது? நுரையீரலில். மிக நுண்ணிய சிலிக்கா எரிமலைத் தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலுக்கு வரும் நோய் என்ற பொருள், அகராதியைத் திறக்காமலேயே கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே பார்க்கலாம். நடுவிலுள்ள துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு முதல் துண்டையும் கடைசி இரண்டு துண்டுகளையும் மட்டும் சேர்த்தால் 'நியூமோகோனியோசிஸ்' என்ற சொல்லின் வடிவம் ஏறக்குறைய அப்படியே தெரியும். தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கு மருத்துவம் உண்மையிலேயே வழங்கும் பொதுப்பெயர் அது. சிலிக்காத் தூசியால் வருவதற்கு 'சிலிகோசிஸ்' என்ற குறுகிய பெயரும் இருக்கிறது. இருந்த சட்டகத்துக்குள் அடைகளைத் திணித்துத்தான் 45 எழுத்துகள் எட்டப்பட்டுள்ளன.

துண்டுகளின் இறுதியில் அடிக்கடி தலைகாட்டும் 'ஓ' என்ற உயிரைக் கவனித்திருப்பீர்கள். நியூமோனோ, மைக்ரோ, சிலிகோ என்று வரிசையாக வருகிறது. நுரையீரலைக் குறிக்கும் வேர் 'நியூமோன்' மட்டுமே. அதன் பின்னுள்ள 'ஓ' இணைப்புக்காக வந்தது, தனிப்பொருள் இல்லாதது. நம் இலக்கணத்தில் இதற்குச் சாரியை என்று பெயர்: 'மரத்தை' என்பதில் மரத்துக்கும் ஐ உருபுக்கும் இடையே அத்து வருவதைப் போல. மருத்துவச் சொற்களில் இந்த இணைப்புயிர் வருவதற்கும் வராமல் போவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வயிற்றைக் குறிக்கும் 'காஸ்ட்ர்' என்ற வேரோடு மெய்யில் தொடங்கும் 'ஸ்கோபி' சேர்ந்தால் இடையில் 'ஓ' வந்து 'காஸ்ட்ரோஸ்கோபி' ஆகிறது. உயிரில் தொடங்கும் 'ஐட்டிஸ்' என்ற விகுதி சேர்ந்தால் 'ஓ' தேவைப்படாமல் 'காஸ்ட்ரைட்டிஸ்' ஆகிறது. ஆனால் வேரும் வேரும் சேரும் இடத்தில், இரண்டாவது வேர் உயிரில் தொடங்கினாலும் 'ஓ' பெரும்பாலும் நிலைத்திருக்கும். வயிறும் குடலும் சேர்ந்த 'காஸ்ட்ரோஎன்ட்ரைட்டிஸ்' அப்படிப்பட்டது. நீண்ட சொல்லின் நடுவில் ஓர் 'ஓ' கண்ணில் பட்டால், அங்கே ஒரு மூட்டு இருக்கக்கூடும் என்று ஐயுறலாம். அறிவியல் சொற்களில் இந்த ஐயம் பெரும்பாலும் பலிக்கும்.

இப்போது ஒலிக்கு வருவோம். உறுப்புகளாகக் கிடக்கும் எட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக அசை பிரித்தால், நியூ-மோ-னோ, அல்-ட்ரா, மை-க்ரோ, ஸ்காப்-இக், சில்-இ-கோ, வால்-கே-னோ, கோ-னி, ஓ-சிஸ் என்று வருகிறது. மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. ஆக மொத்தம் 19 அசைகள். எந்தத் துண்டும் மூன்று அசையைத் தாண்டவில்லை என்பதைப் பாருங்கள். மூன்று அசைச் சொல்லைச் சொல்லத் தெரிந்த எவருக்கும் இந்தச் சொல்லைச் சொல்லத் தெரியும்.

சொல்லிப் பழகுவதற்கு, மொழிப் பயிற்சியாளர்கள் கையாளும் பின்னிருந்து கட்டும் முறை உதவும். முதலில் 'ஓசிஸ்' என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு 'கோனியோசிஸ்'. பிறகு 'வால்கேனோகோனியோசிஸ்'. பிறகு 'சிலிகோவால்கேனோகோனியோசிஸ்'. இப்படி முன்பக்கத்தில் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முன்னிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போய் மூச்சும் நம்பிக்கையும் ஒன்றாகத் தீர்ந்துபோகும்; பின்னிருந்து கட்டினால் ஒவ்வொரு முறையும் புதிய துண்டைக் கடந்தவுடன் நாக்கு பழகிய பாதைக்கு வந்துவிடும். இந்த முறைக்கு வேறு ஒரு பயனும் இருக்கிறது. முதன்மை அழுத்தம் இந்தச் சொல்லில் 'ஓசிஸ்' என்பதன் 'ஓ'வில் விழுகிறது. கடைசியிலிருந்து தொடங்குபவர் அந்த அழுத்தத்தை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்கிறார்.

எந்த உறுப்பு முதலில் சேர்ந்தது?

துண்டுகளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாத சொற்களும் உண்டு. அவற்றில் துண்டுகள் எந்த வரிசையில் ஒட்டின என்பதும் தெரிய வேண்டும். 'அன்லாக்கபிள்' என்ற சொல்லில் உறுப்புகள் மூன்று: எதிர்மறை அல்லது நீக்கம் காட்டும் 'அன்', பூட்டுதலைக் குறிக்கும் 'லாக்', முடியும் என்று பொருள்படும் 'ஏபிள்'. முதலில் லாக்கும் ஏபிளும் சேர்ந்து, அதன் பிறகு அன் சேர்ந்தால் பூட்ட முடியாதது என்று பொருள். முதலில் அன்னும் லாக்கும் சேர்ந்து, பிறகு ஏபிள் சேர்ந்தால் பூட்டைத் திறக்கக்கூடியது என்று பொருள். எழுத்தும் உறுப்பும் ஒன்றே, பொருள் நேர்மாறு.

இதன் பெரிய வடிவம் 28 எழுத்துகள் கொண்ட 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்'. பகுதி நடுவில் இருக்கிறது: 'எஸ்டாப்ளிஷ்', நிறுவுதல். இந்தச் சொல்லின் பின்னணியில் அதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு: ஒரு திருச்சபையை நாட்டின் அதிகாரபூர்வத் திருச்சபையாக நிறுவுதல். 'டிஸ்' சேர்ந்தவுடன் அந்த நிலையை நீக்குதல் என்றாகிறது. 'மென்ட்' சேர்ந்து அது தொழிற்பெயராகிறது. 'ஏரியன்' சேர்ந்து அந்த நீக்கத்தை ஆதரிப்பவர் என்றாகிறது. 'ஆன்டி' அந்த ஆதரவாளருக்கு எதிரானவரைக் குறிக்கிறது. 'இசம்' அவருடைய கொள்கையைக் குறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் இது உண்மையான அரசியல் சிக்கலாக இருந்தது. அயர்லாந்துத் திருச்சபையின் அரசு நிலையை நீக்கும் சட்டம் 1869இல் நிறைவேறி 1871இல் நடைமுறைக்கு வந்தது. வேல்ஸுக்கான சட்டம் 1914இல் நிறைவேறி 1920இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் நிலை இன்றுவரை நீக்கப்படவில்லை. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்கு 28 எழுத்துகளும் ஒரு வாக்கியம் போலப் படிக்கக் கிடைக்கின்றன. அசைக் கணக்கில் இது 12. ஆன்-டி, டிஸ், எஸ்-டாப்-லிஷ், மென், டேர்-இ-யன், இ-சம். முதன்மை அழுத்தம் 'டேர்' மேல். உறுப்பாகிய 'மென்ட்' என்பதன் கடைசி மெய் அடுத்த அசையின் தொடக்கமாகப் போய்விட்டதைக் கவனிக்க வேண்டும். 'பாடினான்' என்பதில் கண்ட அதே பிளவு.

அழுத்தம் இடம் மாறினால் இந்தப் பிளவு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 'ஃபோட்டோகிராஃப்' என்ற சொல் 'ஃபோ-டோ-கிராஃப்' என்று பிரிகிறது. முதல் அசையில் அழுத்தம், உறுப்பும் அசையும் ஒரே இடத்தில் வெட்டுப்படுகின்றன. அதே சொல் 'ஒய்' என்ற விகுதி பெற்று 'ஃபொட்டாக்ரஃபி' ஆனவுடன் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. 'ஃபொ-டாக்-ர-ஃபி' என்று நான்கு அசைகளாகி, எழுதுதல் என்று பொருள்படும் 'கிராஃப்' என்ற உறுப்பு மூன்று அசைகளில் சிதறிவிடுகிறது. ஒலியை மட்டும் நம்பி இந்தச் சொல்லைப் பிரிப்பவருக்கு ஒளி என்பதும் எழுத்து என்பதும் அதில் இருப்பதே தெரியாமல் போகும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் 'எலக்ட்ரோஎன்செஃபலாக்ரஃபி' என்ற சொல்லிலும் இறுதியில் நடப்பது இதுவே. மின்சாரம், உள்ளே, தலை, எழுதுதல் என்ற நான்கு பொருள்களை முதலில் கண்டுகொண்டால், 'லாக்' என்ற அசையில் அழுத்தம் விழுந்து உருவம் மாறினாலும் உறுப்புகள் கைவிட்டுப் போகா.

அழுத்தம் எங்கே விழும் என்பதைச் சில விகுதிகளே அறிவித்துவிடும். 'இக்', 'இட்டி', 'ஷன்' ஆகிய மூன்றும் தமக்கு நேர் முன்னுள்ள அசையில் அழுத்தத்தை வாங்கிவைப்பவை. விதிவிலக்குகள் சில இருந்தாலும், தெரியாத சொல்லை முதன்முறை உச்சரிக்க வேண்டியிருக்கும்போது இந்த விதியை நம்பலாம்.

பொய்யான மூட்டுகள்

உறுப்புப் பிரிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்ததாக வரும் நோய், இல்லாத மூட்டுகளைக் காண்பது. 'கார்ப்பெட்' என்பதில் காரும் இல்லை, செல்லப்பிராணியாகிய பெட்டும் இல்லை. 'அங்க்கிள்' என்ற சொல் 'அன்' என்ற முன்னொட்டின் எழுத்துகளில் தொடங்குகிறது; ஆனால் அது முன்னொட்டு அன்று. துண்டை எடுத்த பின் மீதமிருப்பதற்குப் பொருள் இருக்கிறதா, எடுத்த துண்டு அதே பொருளில் வேறு சொற்களிலும் வருகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை வந்தால்தான் அது உறுப்பு.

'ஹெலிகாப்டர்' இந்த வகையில் சுவையான சொல். கேட்பவர் எவரும் அதை 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் பிரிப்பார். உண்மையான மூட்டு அங்கே இல்லை; திருகுச்சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', இறகைக் குறிக்கும் 'ப்டர்' என்ற இரண்டு கிரேக்க உறுப்புகளால் ஆனது அது. 'ப்ட்' என்று ஆங்கிலத்தில் அசை தொடங்குவதில்லை என்பதால் வாய் மூட்டை இடம் மாற்றிவிட்டது. பிறகு அந்தத் தவறான வெட்டே வழக்காகி, இறங்குதளத்துக்கு 'ஹெலிபோர்ட்' என்றும் ஊர்திக்குச் சுருக்கமாக 'காப்டர்' என்றும் புதிய சொற்கள் பிறந்தன. இன்று 'ஹெலி' உயிருள்ள ஓர் உறுப்பு என்றே கொள்ள வேண்டும். மொழியில் போதிய பேர் ஒரே தவறைச் செய்தால் அது இலக்கணமாகிவிடுகிறது.

மருந்துப் பெயர்களில் வேறு விதமான வெட்டு நடக்கிறது. 'பாராசிட்டமால்' என்பதும் அமெரிக்காவில் அதே மருந்துக்கு வழங்கும் 'அசிட்டமினோஃபென்' என்பதும் பார்வைக்குத் தொடர்பற்றவை. இரண்டும் 'பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால்' என்ற ஒரே வேதிப்பெயரிலிருந்து வெவ்வேறு இடங்களில் எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தவை. இங்கே மூட்டில் வெட்டவில்லை. ஆகவே முழுப்பெயர் தெரியாமல் உறுப்புப் பிரிக்க இயலாது.

வரி முடிவில் வெட்டுவது

அச்சில் ஒரு சொல் வரியின் இறுதியில் இடம் போதாமல் உடைய வேண்டி வரும்போது அசையும் உறுப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. அமெரிக்க அகராதிகள் பொதுவாக ஒலியைப் பின்பற்றுகின்றன. பழைய பிரிட்டிஷ் மரபு உறுப்புக்கு முதலிடம் கொடுத்தது. அறிவைக் குறிக்கும் 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்கர்கள் 'எல்' என்ற எழுத்துக்குப் பின்னால் உடைக்கிறார்கள்; பிரிட்டிஷ் மரபு அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற பகுதியை முழுதாக விட்டு, 'எல்'லுக்கு முன்னால் உடைத்தது. இரட்டை மெய்களில் இரு தரப்பும் உறுப்பை மதிப்பதுண்டு. 'ரன்னிங்' என்ற சொல்லில் இரண்டாவது 'என்' விகுதி சேரும்போது தோன்றியது என்பதால் இரண்டு 'என்'களுக்கும் நடுவே வெட்டுகிறார்கள். 'காலிங்' என்ற சொல்லில் இரண்டு 'எல்'களும் பகுதிக்கே சொந்தம் என்பதால் இரண்டுக்கும் பின்னால் வெட்டுகிறார்கள். காதுக்கு இரண்டிலும் ஒரே மெய்தான் கேட்கிறது.

கணினிக்கு இதைக் கற்பிக்க முயன்றவர்களுள் முக்கியமானவர் ஃபிராங்க் லியாங். 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1983இல் வெளிவந்தது. அகராதியை அப்படியே கணினிக்குள் ஏற்றாமல், எந்த எழுத்துச் சேர்க்கைக்கு நடுவே வெட்டலாம், எதற்கு நடுவே வெட்டக் கூடாது என்று சொல்லும் 4447 சிறு கோலங்களை அவர் வடித்தெடுத்தார். பொருளை அறியாமல் எழுத்துகளின் அண்டை அயலை மட்டும் பார்த்து அந்தக் கோலங்கள் பெரும்பாலான வெட்டிடங்களைச் சரியாகவே கண்டுபிடிக்கின்றன. கோலங்களுக்கு அடங்காத 14 சொற்கள் மட்டும் தனிப்பட்டியலாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'பிரசென்ட்', 'பிராஜெக்ட்' என்ற சொற்கள் வெட்டுக்குறியே இல்லாமல் முழுதாக நிற்கின்றன. பரிசு என்ற பொருளில் முன்னசையில் அழுத்தம் பெற்று 'எஸ்' என்ற எழுத்துக்குப் பின்னாலும், வழங்கு என்ற பொருளில் பின்னசையில் அழுத்தம் பெற்று அதே எழுத்துக்கு முன்னாலும் வெட்டுப்பட வேண்டிய சொல் 'பிரசென்ட்'. திட்டத்தைக் குறிக்கும்போதும் முன்னோக்கி வீசுதலைக் குறிக்கும்போதும் 'பிராஜெக்ட்' அவ்வாறே இடம் மாறும். வாக்கியத்தின் பொருளைப் படிக்கத் தெரியாத நிரல் எந்தப் பக்கம் வெட்டினாலும் பாதி நேரம் தவறாகிவிடும் என்பதால், அவ்விரண்டையும் வெட்டாமலே விட்டுவிட்டார்கள்.